அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ராஜாத்தி போவாள்

நன்னிலம் பக்கத்தில் விறகடுப்பில் விருந்து சமைக்க ஆள் வேண்டுமென்றால் ராஜாத்தியைத்தான் கூப்பிடுவார்கள். அவள் சாம்பார் தெருவுக்கே மணக்கும். ஆனால் கூப்பிட்டவர்கள் அவள் வாய்க்குப் பயப்பட வேண்டும். கொல்லையில் இறங்கியதுமே சட்டம் போட ஆரம்பித்துவிடுவாள். கீற்றுப் பந்தலுக்குக் கீழே அடுப்பு வெட்ட மாட்டாள். வைக்கோல் போர் பக்கமாகக் காற்று அடித்தால் இடத்தையே மாற்றுவாள். பிள்ளைகள் கிட்டே வந்தால் கரண்டியோடு துரத்துவாள். இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. வேலை முடிந்ததும் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறாளே, அதைத்தான் பொறுக்கவில்லை.

விசேஷ வீட்டு அடுப்பு தானாக ஆற வேண்டும், தண்ணீர் ஊற்றி அணைத்தால் அபசகுனம் என்று இங்கே ஒரு நினைப்பு. சாம்பலை இழுத்து மூடிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். மேலே வெள்ளைச் சாம்பல். உள்ளே மறுநாள் காலை வரை கங்கு. என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய அபசகுனம் கிடையாது.

போன தை மாதம் நீலாம்பாள் வீட்டில் மகள் அனுராதாவுக்கு வளைகாப்பு. பந்தி முடிந்து ராஜாத்தி தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதும், நீலாம்பாள் ஓடிவந்து மறித்தாள்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வீடு. அடுப்புல தண்ணி ஊத்துறியா? இது என்ன எழவு வீடா? ஊத்திப் பாரு, இனிமே இந்தத் தெருவுல ஒருத்தரும் ஒன்ன வேலைக்குக் கூப்பிடாம பண்ணிடுறேன்."

ராஜாத்திக்குச் சோறு போடுவதே அந்தத் தெருதான். நீலாம்பாள் சொன்னால் செய்வாள் என்பதும் தெரியும். ஆனாலும் குடத்தை இறக்கவில்லை.

"கூப்பிடாட்டிப் போங்கக்கா. அணைக்காம நான் போகமாட்டேன். என் மவ அறிவுமதி ஏன் விந்தி விந்தி நடக்குறா தெரியுமா? ஒரு கல்யாண வீட்டுல, தானா ஆறட்டும்னு நான் விட்ட அடுப்பு. மறுநாள் அண்டாவ எடுக்கப் போனேன், கூடவே ஓடியாந்தா. சாம்பல்தானேன்னு கால வச்சுட்டா. பச்சப் புள்ளக்கா."

கொல்லையில் விருந்தாளிப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நீலாம்பாள் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். வழியை மட்டும் விடவில்லை.

பின்வாசலில் வளையல் சத்தம் கேட்டது. கன்னத்தில் சந்தனம் காயாமல் அனுராதா நின்றாள். நலங்கு வைத்து மிஞ்சிய மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொம்பில் கொண்டுவந்திருந்தாள்.

"மஞ்சத்தண்ணிம்மா. இதுக்கு என்ன சகுனம் பாக்கப்போற? எனக்குப் பொறக்கப்போறதும் இந்தக் கொல்லையிலதானே ஓடும்?"

நீலாம்பாள் சொம்பையும் மகளின் வயிற்றையும் பார்த்தாள். மெதுவாக ஒதுங்கினாள்.

"நீ தள்ளி நில்லு தாயி, ஆவி அடிக்கும்" என்று சொம்பை வாங்கிய ராஜாத்தி, மஞ்சளைக் குடத்தில் கொட்டிக் கலக்கினாள். தானும் எட்ட நின்றுகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். செத்துப்போனது போலக் கிடந்த சாம்பல் சீறிக்கொண்டு கிளம்பியது. கட்டையால் கிளறினாள், மறுபடி ஊற்றினாள். சத்தம் அடங்கிய பிறகும் புறங்கையைக் கிட்டே காட்டிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

நீலாம்பாளைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள் என்றுதான் ராஜாத்தி நினைத்தாள். ஆனால் அவள் ஒரு குடம் தண்ணீரோடு திரும்பி வந்தாள். சமையலறையில் இருந்த மஞ்சள்தூள் டப்பா முழுவதையும் அதில் கவிழ்த்திருந்தாள்.

"பாயசம் வச்ச அடுப்பு அந்தாண்ட இருக்கு பாரு. அதுக்கும் ஊத்து."