செக்கிங் அக்காவின் சிவப்பு அம்பு

மோசடி இணையதளம் எதையாவது திறந்தால் உலாவி திரை முழுக்கச் சிவப்பாகி எச்சரிக்குமே, அந்தத் திரையை வடிவமைப்பதுதான் என் வேலை. மக்களுக்கு அது புரிகிறதா என்று சோதிக்கத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன்.

முதலில் வந்து உட்கார்ந்தவர், தைத்து வரும் பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் அக்கா. மூக்கு நுனியில் கண்ணாடி. இடது கை நெடுகச் சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். பனியனில் ஒரு தையல் விட்டிருந்தாலும் அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

அப்பேர்ப்பட்டவர் என் சிவப்புத் திரையைப் பார்த்த மறுநொடியே 'தொடர்க' என்பதைத் தட்டிவிட்டார்.

"அக்கா, இவ்வளவு பெரிசா எச்சரிக்கை இருக்கே, படிக்கலையா?"

"படிச்சனுங்க. ஆபத்துன்னு போட்டிருக்குது, எங்கீன்னு போடலீங்களே? பீஸு முச்சூடும் செவப்படிச்சு உட்டா டெய்லருக்கு என்னங்க தெரியும்? டேமேஜ் எங்கியோ, அங்க ஒட்டோணுமுங்க."

"பார்த்ததும் பயப்படணும்னுதான்..." என்று இழுத்தேன்.

"பயந்துட்டு என்னங்க பண்றது? சரி பண்றதுக்குத்தானுங்களே காட்டறது?"

விடுவேனா? வண்ணங்களின் உளவியலைக் கால்மணி நேரம் விளக்கினேன். என் சட்டையையே பார்த்தபடி, "ஆமாங்க, ஆமாங்க" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது தோளில் தட்டிக்கூட அனுப்பினார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் நெஞ்சைப் பார்த்துச் சிரித்தார். குனிந்து பார்த்தேன். சட்டையில் ஒரு சிவப்பு அம்பு. காலையிலிருந்தே துளை மாற்றிப் போட்டிருந்த பொத்தானை அது காட்டிக்கொண்டிருந்தது. எப்போது ஒட்டினார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த அம்பில் ஓர் எழுத்துகூட இல்லை. என் கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று.