ஒரே ஒரு இழை கேட்ட சிஸ்டர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கூலித் தறியில் உட்கார்ந்து சொந்தமாக ஆறு தறி போட்டேன். ஓலை வீட்டை மாடி வீடாக்கினேன். மகள் ரூத்தை டீச்சராக்கினேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் முடிகிறபோது அதோடு புதுப் பாவு நூலை இழை இழையாகத் திரித்து இணைக்க, காஞ்சிபுரத்தில் என் விரலைப்போல வேகமான விரல் கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சுனாமிக்கு முந்தின வருஷம், வைகாசிக் கருட சேவைக்கு மறுநாள், அந்த வலது கை விழுந்துவிட்டது. பக்கவாதம். தை மாதம் ரூத்துக்குக் கல்யாணம். அவள் புடவைக்கு நானே பாவு இணைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். "ஆண்டவரே, கையைக் கொடும், இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும்" என்று அழுதேன்.

"இன்னாய்யா, ஆண்டவருக்கே கெடு வெக்கிற? எழுந்து ஆஸ்பத்திரிக்கு வா" என்று என் மனைவி எஸ்தர் இழுத்துப் போனாள்.

அங்கே கவுன்சிலிங் சிஸ்டர் ஒருவர், ரூத் வயசுதான். "ஐயா, பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள உங்க கை இப்ப எங்க இருக்குது?" என்றார்.

"ரெண்டு."

"பூஜ்யம்னு சொல்லலியே, ஏன்?"

யோசித்தேன். கட்டைவிரல் அசைகிறது. காலையில் சட்டைப் பொத்தானைப் பிடித்தேன். அதுவரை அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை!

"மூணு ஆச்சுன்னா இன்னா செய்வீங்க?"

"பாவு முழுக்க இணைச்சிடுவேம்மா!"

எஸ்தர் சிரித்துவிட்டாள். "அது பத்துய்யா! இவரு எப்பவுமே இப்படித்தாம்மா."

"அப்ப மூணுக்கு?"

"ஒரு இழை" என்று முனகினேன்.

"சரிங்க ஐயா. நாளைக்கு ஒரே ஒரு இழை."

என்னைப் பார்த்தா ஒரு இழை! வீட்டுக்கு வந்ததும் ரோஷத்தில் நாற்பது இழை திரித்தேன். எஸ்தர் இழுத்துப் பார்த்தாள். நாற்பதும் கழன்று வந்தன. குலுங்கி அழுதேன். மறுநாள் காலை ஜெபம் பண்ணி, இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டு, ஒன்றே ஒன்று திரித்தேன். எஸ்தர் இழுத்தாள். நின்றது! நான் போட்ட அல்லேலூயாவில் தெருவே திரண்டு வந்துவிட்டது.

அப்போதுதான் புரிந்தது. முழுக் கையைக் கேட்ட எனக்கு ஆண்டவர் முதல் இழையைக் கொடுத்திருக்கிறார். வாரா வாரம் சிஸ்டர் அதே கேள்வியைக் கேட்டார். பத்து இழை, ஐம்பது, நூறு. மார்கழியில் முழுப் பாவையும் இணைத்து முடித்தேன். ஒரு நாள் வேலைக்கு எட்டு நாள் ஆனது, ஆகட்டுமே! அதில் நெய்த புடவையைக் கட்டித்தான் என் மகள் மணமேடை ஏறினாள்.

துவண்டு கிடக்கிறவர்களே, ஜெபியுங்கள். பதில் ஒரு சின்னக் கேள்வியாக வந்தால் தள்ளிவிடாதீர்கள். இன்றைக்கு முடிகிற ஒன்றைச் செய்யுங்கள்.

மகிமை கர்த்தருக்கு. நன்றி சிஸ்டருக்கு. ஆனால் போன ஞாயிறு ஆலயத்தில் இதைச் சொன்ன போதகர் ஐயா அந்த இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டார். அத்தனை மாதம் தறியில் உட்கார்ந்து திரித்தவன் நான். அடுத்த முறை என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஐயா.