நாலு நியூத்திரன்

அணுப் பாடம் படிப்பிக்கும் நாளில் எனக்கு இறக்கை முளைத்துவிடும். ஒரு மூலகம் இரும்பா, தங்கமா என்பதைத் தீர்மானிப்பது அதன் புரோத்தன் எண்ணிக்கைதான். நியூத்திரன் கூடினாலும் குறைந்தாலும் அது அதே மூலகம்தான், அப்படி நியூத்திரனில் மட்டும் வேறுபடுபவை சமதானிகள் என்று வெண்கட்டியை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். பிள்ளைகள் விழித்தால் எங்கள் வம்சக் குடியை உதாரணம் காட்டுவேன். கல்முனைப் பக்கத்தில் எங்களுக்குக் குடி தாய்வழியில் வருகிறது. வீட்டில் ஆட்கள் கூடலாம், குறையலாம், குடி மாறாது. புரோத்தன்தான் குடி என்பேன். அதற்குப் பிறகு பரீட்சையில் அந்தக் கேள்வியை அநேகமாக யாரும் பிழைவிடுவதில்லை.

என் தங்கச்சிக்குத் தைரொயிட்டில் புற்றுநோய் வந்தது. சத்திரசிகிச்சை முடிந்ததும், கதிர்வீசும் அயடீன் கொடுக்க வேண்டும், கொழும்புக்கு வாருங்கள் என்றார்கள். எங்கள் இரண்டு வீடுகளும் வாப்பா ஒரே வளவில் சீதனமாகக் கட்டித் தந்தவை. நடுவில் நெஞ்சளவு மதில், அதில் ஒரு சின்னக் கதவு. தங்கச்சியின் கணவர் கட்டாரில் வேலை. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. என் ஒரே மகளைப் பாதி வளர்த்தது அவள்தான்.

கொழும்புக்குப் போக முதல் நாள் முகம் வெளிறி வந்து உட்கார்ந்தாள். குடிக்கத் தருவது நஞ்சா என்று கேட்டாள். நான் குடி உதாரணத்தோடு வகுப்பே எடுத்துவிட்டேன். கறியுப்பில் சேர்க்கிற அயடீனில் ஐம்பத்துமூன்று புரோத்தன், எழுபத்துநாலு நியூத்திரன். நீ குடிக்கப்போவதிலும் அதே ஐம்பத்துமூன்று, நியூத்திரன் மட்டும் நாலு கூட. சுரப்பிக்கு வித்தியாசம் தெரியாது, உப்பில் வந்ததைப் போலவே இதையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் இந்த அணு நிலையில்லாதது. அது சிதையும்போது வீசும் கதிர் மிச்சமிருக்கிற நோயைக் கொல்லும். எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து அதுவும் தீர்ந்துபோகும். அப்படியென்றால் அதுவும் நம்முடைய குடிதான் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் சில கிழமைகளுக்கு நெருங்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். என் மகள் அப்போது நாலு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் இரண்டு தடவை கலைந்த வயிறு. மதில் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். அது சரியான காரியம், அதற்காக நான் வருந்தவில்லை.

சொன்ன நாட்கள் முடிந்தன. இனி எல்லோரோடும் பழகலாம் என்று கிளினிக்கிலும் சொல்லிவிட்டார்கள். நான் பூட்டைத் திறக்கவில்லை. சாவியைக் காணவில்லை என்று பொய் சொன்னேன். ஆறு கிழமையில் முப்பதில் ஒரு பங்குகூட மிஞ்சாது என்று கணக்குப் போட்டும் பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் வந்தது, பயம்தான் போகவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் அவள் றோட்டால் சுற்றி வந்து என் முன்கேற்றில் நின்றாள். கையில் மூடிய கிண்ணம். மகள் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்துக்கு ஆசைப்பட்டுப் போனில் சின்னம்மாவிடம் கேட்டிருக்கிறாள். நான் சிரித்த முகத்தோடு வாங்கினேன். பிள்ளை தூங்குகிறாள் என்று சொல்லி, பெருநாளும் அதுவுமாக, கூடப்பிறந்தவளை வாசலோடு அனுப்பினேன். பிறகு பின்வளவுக்குப் போய் வாழையடியில் குழி தோண்டி அத்தனையையும் கொட்டி மூடினேன். கிண்ணத்தைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினேன். நிமிர்ந்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் ஈர உடுப்போடு கொடியடியில் அவள் நிற்கிறாள்.

மூடிய குழியையும் என் கையிலிருந்த கிண்ணத்தையும் பார்த்தாள்.

"பயமெண்டா செல்லியிருக்கலாமே ராத்தா. நான் கோவிச்சிருக்க மாட்டன்."

அந்த இடத்திலாவது ஓம் என்றிருக்கலாம். "இல்லகா, அது பழுதாப் போயிருந்த" என்றேன்.

"விடியத்தான் அவிச்சன்" என்றாள். உடுப்பைக் காயப்போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அல்ஹம்துலில்லாஹ், பேரன் சுகமாகப் பிறந்தான். இப்போது இரண்டு வயது. தங்கச்சிக்கும் நோய் திரும்பவில்லை. பின்னேரத்தில் வந்து அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னோடு பழையபடி கதைக்கிறாள். ஒருநாள் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டேன், அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டதாகச் சொன்னாள். ஆனால் அந்தப் பெருநாளுக்குப் பிறகு அவள் சமைத்த ஒரு பருக்கை என் வீட்டுக்கு வந்ததில்லை. நானாகக் கேட்கவும் நா எழவில்லை.

போன கிழமை பேரனுக்கு ஒரு பிஸ்கட் பெட்டி கொண்டுவந்தாள். அவன் தாவினான். அவள் அதை உடைக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"கடையில வாங்கின ராத்தா. நீங்களே உடைச்சுக் குடுங்க."

குத்திக்காட்ட அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் பயந்துவிடக் கூடாது என்றுதான் சொன்னாள்.