தரையோடு ஒரு பாஸ்

எங்கள் ஊர் மைதானத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாலையும் கொஞ்சம் மணலும்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மேற்கிலிருந்து புழுதியை வாரி முகத்தில் எறியும். அப்போது பந்தை உயர அடித்தால் கடலில் போய்த்தான் தேட வேண்டும். இது தெரிந்தும், எதிராளி கிட்டே வந்தால் என் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஓர் உதை விடுவார்கள். விளையாட்டு டீச்சராக நான் பட்ட பாட்டில் பாதி, இந்தப் பெண்பிள்ளைகளின் காலிலிருந்து அந்த உதையைக் கழற்றுவதற்குப் பட்டதுதான்.

கோல்கீப்பர் பந்தைத் தனக்கு முன்னால் காவல் நிற்கிற ஸ்டாப்பரிடம் தரையோடு தர வேண்டும். இரண்டு ஓரத்திலும் நிற்கிற பேக்குகள் கோட்டை ஒட்டி விலகிக்கொள்ள வேண்டும். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். துரத்தி வருகிறவளைக் கிட்டே வரவிட்டு, அவள் விட்டுவிட்டு வந்த இடத்துக்குப் பாஸ் கொடுக்க வேண்டும். நான் தூரத்தில் நின்றால் உள்ளங்கையைக் கவிழ்த்து, தரையைத் தடவுவதுபோலக் காட்டுவேன். தரையோடு ஆடு என்று அர்த்தம். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஒரு சாயங்காலம் போதும். பயம் தெளிவதற்குத்தான் வருஷக் கணக்காகும்.

அந்தப் பயத்தைத் தெளியவிடாதவர் என் வீட்டுக்காரர். வள்ளத்தில் போய் வலை விடுகிறவர். மதியம் கரையேறி, மீனை ஏலத்தில் விட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து நேராக மைதானத்துக்கு வந்துவிடுவார். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "ஏளா, தூக்கி அடிளா! அவ வாரா பாரு, தூக்கி அடி!" என்று கத்துவார். கடலில் அடுத்த வள்ளத்தைக் கூப்பிட்டுப் பழகிய குரல். என் விசில் அதற்கு முன்னால் எம்மாத்திரம். ஸ்டாப்பர் பிள்ளை எனக்கும் பயப்படுவாள், அவருக்கும் பயப்படுவாள். கடைசியில் அவர் சொன்னதைத்தான் கேட்பாள். பந்து பறக்கும்.

வீட்டுக்கு வந்தால் சண்டை.

"ஒங்க வள்ளத்துல வந்து, வலைய இப்படி விடுங்கன்னு நான் என்னைக்காவது சொல்லுதேனா?" என்பேன்.

"பார்ல வலை மாட்டிக்கிட்டுன்னு வையி. இழுத்துக்கிட்டே நின்னா வள்ளம் கவுந்துரும். அறுத்து விட்டுட்டு வரணும். வேற வலை வாங்கிக்கிடலாம்" என்பார். முன்பு முத்துக்குளித்த கடலடிப் பாறைத் திட்டுகளைத்தான் எங்கள் பக்கம் பார் என்பது.

"இது கடல் இல்ல, விளையாட்டு."

"தோத்துட்டு அழுவுறது நம்ம பிள்ளைகதானளா."

குழம்பில் கிடக்கும் பெரிய துண்டை என் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டேதான் மனுஷன் இவ்வளவும் பேசுவார். எனக்கும் கோபம் அந்தத் துண்டு தீரும்வரைக்கும்தான்.

போன வருஷம் ஒரு காலையில், கரையில் வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் பேச்சும் வரவில்லை. நாம் பேசுவது எல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பார், வெறும் மூச்சுத்தான் வரும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "ரொம்ப நாளா வாயில ஊறிப்போன வார்த்தைதான் சில பேருக்கு முதல்ல வரும். ஜெபமோ, பாட்டோ, திட்டோ, எதுனாலும் சரி" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிப் பார்த்தேன். வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தேன். எதற்கும் வார்த்தை வரவில்லை. அப்புறம்தான் மைதானமும் அங்கே அவர் போடுகிற சத்தமும் ஞாபகம் வந்தது.

அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். எதற்கென்று பிள்ளைகளிடமும் சொன்னேன். ஆனால் அவர் வராமல் இருந்த மாதங்களில் பிள்ளைகள் ஆட்டத்தைப் படித்துவிட்டிருந்தார்கள். கோல்கீப்பரிடமிருந்து ஸ்டாப்பருக்கு, அங்கிருந்து ஓரத்துக்கு, மறுபடி நடுவுக்கு என்று பந்து சத்தமில்லாமல் ஓடியது. இத்தனை வருஷமாக நான் கேட்டது இந்த ஆட்டத்தைத்தான், இந்த அமைதியைத்தான். அன்று, அவர் கத்துகிற மாதிரி ஒருத்தியாவது தடுமாற மாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து, ஸ்டாப்பர் பிள்ளை கோலுக்கு முன்னால் பந்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்க ஆரம்பித்தாள். விசிலை ஊதிக்கொண்டே ஓடினேன்.

"ஏளா, ஒனக்கென்ன கிறுக்கா? சைடுல ஒருத்தி நிக்கா, பாஸ் குடேன்!"

அவள் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "மாமா சத்தம் போடுதாவளான்னு பாத்தோம் டீச்சர்."

எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். "சரி, ஆடுங்க" என்று விலகி வந்தேன்.

கோல்கீப்பர் மறுபடி பந்தை அவளிடம் உருட்டினாள். அவள் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். எதிரே ஒருத்தி ஓடி வந்தாள். அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். இடது கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது. ஆண்டவரே, இப்போது, இப்போது என்று நான் நின்றேன். மூச்சுத்தான் வந்தது. ஓடி வந்தவள் பந்தைப் பறிக்காமல் ஓரடி தள்ளி நின்றுவிட்டாள். மைதானமே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

என்னால் தாங்க முடியவில்லை.

"ஏளா, தூக்கி அடிளா! அவ வாரா பாரு, தூக்கி அடி!" என்று கத்தினேன். பிள்ளைகள் திகைத்துப் பார்த்தார்கள். அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து அவர்கள் கேட்டதே இல்லை. ஸ்டாப்பர் பிள்ளை அழுதுகொண்டே ஓங்கி உதைத்தாள். பந்து காற்றில் ஏறி, சாலையைத் தாண்டி, கடலில் போய் விழுந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு இடது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, தரையைத் தடவுவதுபோல மெல்லக் காட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து நடந்த சண்டையில் அவர் விட்டுக்கொடுத்தது அன்றுதான். எனக்கு அந்த ஜெயம் வேண்டாம். நாற்காலிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளைகள் பந்தை எடுக்கக் கடலுக்கு ஓடினார்கள்.