பெட்டியின் பின்னால் காய்ந்த துணி

மலேசியாவில், கிள்ளானில் நான் கூட்டிப் பெருக்கிய எண்ணெய் ஆலைக்குச் சொந்தமாக இரண்டு ஜெனரேட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நெஞ்சளவு உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டு வந்தவளுக்கு அவற்றைப் பற்றி என்ன தெரியும்? ஒன்று தெரிந்தது. முதல் மிஷின் பெட்டிக்குப் பின்னால், சுவரோரமாகப் போட்டால் தரை துடைத்த ஈரத்துணி நன்றாகக் காயும்.

பெட்டியில் மண்டை ஓடு வரைந்து மலாயில் 'பஹாயா' என்று எழுதியிருக்கும். ஆபத்து என்று எனக்கும் வாசிக்கத் தெரியும். அதனால்தான் அந்த இடத்தைப் பிடித்தேன். வெளிக்கொடியில் போட்டால், கூட வேலை செய்கிறவர்கள் என் துணியை எடுத்துக்கொண்டு அவர்களுடைய கந்தலை விட்டுப் போவார்கள். அவர்களிடம் கேட்க எனக்கு வாய் வராது. மின்சாரத்தோடு மோதுவது எளிதாகப் பட்டது.

அங்கே மின்சாரப் பொறுப்பு ஒரு சார்ஜ்மேனிடம் இருந்தது. செமினியிலிருந்து வருகிறவர், என் மகன் வயது. டீ கொண்டுபோய்க் கொடுத்தால் பேசிக்கொண்டே இருப்பார். நான் தலையாட்டுவேன். அப்படித்தான் பெட்டியின் கதையையும் ஒருநாள் சொன்னார்.

"மிஷினுக்குள்ள மூணு சுருள் கம்பி ஆன்டி. மூணும் சேர்ற முனைய இந்தப் பெட்டி வழியா மண்ணுல இறக்கியிருக்கோம். கம்பித் தோல் பிஞ்சி இரும்ப தொட்டிச்சின்னா, கரண்டு மண்ணு வழியா சுத்தி இங்கதான் திரும்பி வரணும். பெட்டி அத இழுத்துப் புடிக்கும். இல்லன்னா மிஷின் இரும்பே உருகிடும்லா."

"அப்ப பெட்டி சூடாகுமா தம்பி?" என் கேள்வியில் இருந்த அக்கறை வேறு. அவருக்கு அது தெரியாது.

"ரெண்டு மிஷினும் ஜோடியா ஓடினா லேசா சூடு இருக்கும், அது வழக்கம். ஒண்ணு மட்டும் ஓடினா சில்லுன்னு கெடக்கணும்."

அவர் சொன்னதும் என் துணி சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. இரண்டும் ஓடும் நாளில் மதியத்துக்குள் காயும். ஒன்று ஓடும் நாளில் சாயங்காலம்வரை பிசுபிசுக்கும்.

பிறகு ஒரு வாரம் இரண்டாவது மிஷினைச் சர்வீசுக்கு நிறுத்தினார்கள். முதல் மிஷின் மட்டும் ஓடியது. பத்து மணி டீக்கே என் துணி அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. முருகா, நல்ல காலம் என்று நினைத்தேன். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு துண்டையும் நனைத்துக் கொண்டுபோனேன். அறிவு அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் துண்டை மடிக்கும்போதுதான் உறைத்தது. சில்லென்று கிடக்க வேண்டிய பெட்டி. மிஷினுக்குள்ளே எங்கேயோ கம்பித் தோல் பிய்ந்திருக்கிறது.

சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அறுபது தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்ப எங்கள் சூப்பர்வைசர் மேடம் காரணம் தேடிக்கொண்டிருந்தார். நானே துவைத்துக் காயவைத்த காரணத்தைக் கையில் கொடுக்க வேண்டும். வேலை போனால் வீட்டில் மருமகளின் டிவி நாடகங்களோடு நாள் முழுக்க உட்கார வேண்டும். பெட்டியே மேல் என்று தோன்றியது. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அந்த மிஷின் பக்கத்திலேயே நின்று வேலை செய்வார்.

போனேன். வாயைத் திறந்தேன். "டீ வேணுமா தம்பி?" என்றுதான் வந்தது. இரண்டாம் தடவையும் அதுவே. மூன்றாவது டீயைப் பார்த்ததும் அவர் சிரித்தார்.

"என்னா ஆன்டி, இன்னிக்கு என்னைய டீயில மொதக்க விடப் போறீங்களா?"

"பெட்டி சுடுது தம்பி."

மீட்டரைப் பார்த்தார். "முள்ளு சைபர்ல நிக்குது. கோளாறுன்னா மிஷின நிறுத்துற ரிலேயும் சும்மாத்தான் இருக்கு. உங்களுக்கு யார் சொன்னா?"

பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துண்டை உருவி நீட்டினேன். ரோஜாப்பூ போட்ட துண்டு. அவர் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இன்ஜினியருக்குப் போன் போட்டார். மிஷினை நிறுத்திக் கம்பியைச் சோதித்தார்கள். கம்பிகள் சேரும் முனைக்குப் பக்கத்திலேயே தோல் போயிருந்தது. அங்கே மின்னழுத்தம் குறைவாம், அதனால் கசிவும் கொஞ்சமாம்.

"நானூறு ஆம்பியர் மீட்டர்ல மூணு நாலு ஆம்பியர் எங்க தெரியும்? ரிலேக்கும் அது பத்தாது," என்றார். "இன்னொரு எடத்துலயும் தோல் பிஞ்சிருந்தா, கரண்டு பெட்டிக்கே வராம உள்ளுக்குள்ளயே பாய்ஞ்சிருக்கும். அப்பறம் மிஷின் வயிறு வெந்திருக்கும்."

மேடம் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "அக்கா, இது என்னா உங்க வீட்டு கொடியா?"

எனக்குக் காதுவரை சுட்டது.

"மேடம், அந்தக் கொடி இல்லன்னா நாளைக்கு நாம எல்லாம் இருட்டுல நிப்போம்," என்றார் சார்ஜ்மேன். இன்ஜினியர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில்தான் என் வேலை தங்கியது. ஆனாலும் மலாயில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். ஜெனரேட்டர் அறைக்கு இனிப் போகக்கூடாது, ஆபீஸ் மாடி மட்டும்தான்.

மிஷினைப் பழுது பார்த்து, அதை மட்டும் தனியாகத் திரும்ப ஓட்டிய அன்று சார்ஜ்மேன் மாடிக்கே வந்தார். "இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டேன் ஆன்டி. வந்து ஒரு தடவ பெட்டில கை வெச்சி சொல்லுங்க."

கண்டிப்பாகக் கிண்டல்தான். இருந்தாலும் போனேன். வைத்தேன். சில்லென்று இருந்தது. சொல்லத் திரும்பினால் வாசலில் மேடம். சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். கையில் துணி இல்லை என்று விரித்துக் காட்ட வேண்டியவள்.