எட்டாத கவசம்

மெற்றில்டாவுக்கு ஆட்களின் பெயர் மறந்தாலும் கால்கள் மறக்காது. பதினான்கு வருடமாக டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில் வீடு வீடாகக் காரில் போய், முதியவர்களின் வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறை மாட்டிவிடுவதுதான் அவள் வேலை. சாவு பாதத்திலிருந்து ஏறுவதையும் அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். முழங்காலில் ஊதா நிறத்தில் வலை படர்ந்துவிட்டால், அந்த ஆள் இரண்டு நாள் தாண்டமாட்டார்.

ஹென்னிங் கிழவர் பழைய ஆயுதங்கள் சேர்ப்பவர். அவருடைய கட்டிலுக்கு மேலே, சுவரில், துருக்கிக் குதிரைவீரன் ஒருவனின் கால் கவசங்கள் இரண்டு தொங்கும். முழங்காலுக்கு இரும்புத் தகடு. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வளையங்களைக் கோத்த இரும்பு வலை. அன்று காலை அவற்றில் ஒன்றைக் காணவில்லை. போர்வையை ஒரு பக்கம் ஒதுக்கினால், அது கிழவரின் இடது காலில் கட்டியிருந்தது.

"இரவு குளிர் வந்து பாதத்தைப் பிடிச்சது. மேல ஏறாமல் மறிக்கத்தான் கட்டினனான். மற்றது கைக்கு எட்டேல்லை," என்று டேனிஷில் முனகினார்.

"உங்களுக்கென்ன விசரே?" என்று தமிழிலேயே சீறிக்கொண்டு வார்களை அவிழ்த்தாள் மெற்றில்டா.

முழங்காலில் ஊதா வலை. அவளுக்குத் திக்கென்றது. அடுத்த கணமே தன்னை நினைத்துச் சிரித்தாள். இரவு முழுக்க இரும்பு வளையம் அழுத்தினால் அச்சு விழாதா, பின்னே? இரண்டு கையாலும் தேய்த்துவிட்டாள்.

பிறகு, கவசமே படாத வலது காலுக்குக் காலுறை மாட்டப் போர்வையை முழுதாக இழுத்தாள்.

அங்கேயும் அதே வலை. அது முழங்காலைத் தாண்டித் தொடைவரை ஏறியிருந்தது.