இரண்டு தட்டு

மேலப்பாளையத்தில் கேஸ் வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு மீரா முகைதீன் சொன்னால் சொன்னதுதான். சிலிண்டரில் மாட்டி, உள்ளே எவ்வளவு மிச்சமென்று முள் காட்டும் பிரஷர் கேஜை வாங்கினாலும், பழுது பார்த்தாலும் அவர் கடைக்குத்தான் வருவார்கள். கேஜை மாட்டி, வால்வைத் திறந்து, கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "சரியா இருக்கு, கொண்டு போம் வே" என்பார். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். தட்டுவது அவருக்கே தெரியாது; அது இமை கொட்டுவதுபோல் தன்பாட்டுக்கு நடக்கும்.

திங்கட்கிழமை புன்னக்காயலிலிருந்து கிங்ஸ்டன் வந்தான். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்கி, கடலடியில் சிக்கிய வலையையும் நங்கூரத்தையும் எடுத்துத் தருகிறவன். இரண்டு கேஜை மேசைமேல் வைத்தான். ஒன்று பழசு, கண்ணாடி மங்கிப்போனது. இன்னொன்று போன மாதம் யாரிடமோ வாங்கியது, பளபளவென்று இருந்தது.

"ரெண்டையும் சேத்து மாட்டிக்கிட்டு முங்குனேன் பாய். பழசு காத்து முடியப்போவுதுங்கு, புதுசு இன்னும் பாதி இருக்குங்கு. எத நம்புறது?"

மீரா முகைதீன் இரண்டையும் மாட்டிக் காற்றைப் பையத் திறந்துவிட்டார். இதைத் தட்டினார், அதைத் தட்டினார். இரண்டு முள்ளும் ஒன்றுபோல இறங்கின.

"ரெண்டும் சரிதாம்லே. பழசுல தண்ணி எறங்கிருக்கு, நாளைக்கே மக்கர் பண்ணும். புதுசயே வச்சுக்கோ. நான் பொறுப்பு."

வியாழக்கிழமை காலை, வெல்டர் வன்னியராஜ் ஒரு கேஜைக் கொண்டுவந்தான். மீரா முகைதீனின் வலது கையில் டீ கிளாஸ் இருந்ததால் இடது கையாலேயே வால்வைத் திருகினார். காற்று முழுக்கப் போன பிறகும் முள் அறுபதில் நின்றது. டீயை வைத்துவிட்டுத் தட்டினார். முள் தொப்பென்று விழுந்தது.

கிங்ஸ்டனின் புதுக் கேஜையும் தட்டித்தானே பார்த்தார்! சிக்கி நின்ற முள்ளை அவர் விரல்தான் இறக்கிவிட்டிருக்கிறது. கடலடியில் கத்தியும் கயிறுமாக நிற்கிறவன் எங்கே தட்டப்போகிறான்?

போன் போட்டார். அவன் மனைவி எடுத்தாள்.

"விடியக்காலயே போயிட்டாவ பாய். போனை வீட்டுலதான் வச்சுட்டுப் போவாவ."

"கூடப் போனவுக நம்பர் இருக்காம்மா?"

"அங்கன டவர் கெடைக்காது."

"எந்தக் கேஜ மாட்டிட்டுப் போனான்?"

"நீங்க சொன்னதத்தான். பழசு இங்கன ஆணில தொங்குது. இவ்ளோ நாளும் பயந்து பயந்து சீக்கிரமே ஏறி வந்துருவாவ. பாய் சொல்லிட்டாரு, இனிமே நின்னு வேல பாக்கலாம்னு சந்தோசமாப் போனாவ. ஏன் பாய், எதும் கொறையா?"

"கரையில படகு ஏதும் நிக்குதா?"

"எல்லாம் தொழிலுக்குப் போயிட்டே. என்னன்னு சொல்லுங்க பாய்."

"நான் தப்பாப் பாத்துட்டேம்மா."

அந்தப் பக்கம் "மாதாவே" என்று ஒரு குரல். யாரோ மணலில் ஓடுகிற சத்தம். போனை யாரும் துண்டிக்கவில்லை. அவர் அதைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். ஓடிப் போகலாமென்றால் புன்னக்காயலுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆகும். போய்த்தான் என்ன செய்வார், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வன்னியராஜ் தன் கேஜை எடுத்துக் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"தட்டுனா வேல செய்யுதுல்லா பாய், அது போதும்" என்றான்.